தயவுசெய்து கதவை மூடவும்

ஒரு விஷயம் சொன்னா நீங்க வயிறு வலிக்கச் சிரிப்பீங்க அக்கா. சத்தியமாச் சிரிப்பீங்க. ஆனா இப்பவே சொல்லமாட்டேன். சொல்லிட்டா இந்த லிஃப்ட்டுக்குள்ள மிச்ச நேரத்துக்கு என்ன பண்றது? ரெண்டு பேரும் செவுத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்.

பயப்படாதீங்க. இது அடிக்கடி நிக்கும். அதுலயும் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கறதுன்னா இதுக்கு ஒரு தனி ஆசை. கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். விழாது. காத்து வரட்டும்னு இந்தக் கம்பிக்கதவைக் கொஞ்சம் இழுத்து விட்டிருக்கேன் பாருங்க. வெளியே செவுருதான் தெரியுது. பரவாயில்ல, காத்துக்குக் கண்ணு கிடையாது.

'ஏனுங் பாப்பா, பயந்துக்காதீங். ஜெனரேட்டர் ரூம் சாவிய செக்ரட்டரி சாரு எடுத்துட்டு பீளமேடு போயிருக்காருங். அரை மணி நேரத்துல வந்துருவாருங்.'

கீழே குனிஞ்சு பார்க்காதீங்க அக்கா, வாட்ச்மேன் மருதாசலம் அண்ணன் போய் அஞ்சு நிமிஷமாச்சு. இப்பப் பேசினது நான். அவர் முதல்ல சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு குரலை ரெண்டு தடவை கேட்டா எனக்கு வாயில வந்துரும்.

'தயவுசெய்து கதவை மூடவும்.'

திடுக்குனு ஆயிடுச்சா? அதுவும் நான்தான். கரண்ட் இல்லாம லிஃப்ட் எப்படிப் பேசும்? இந்தக் கம்பிக்கதவு ஒரு விரல்கட்டை திறந்திருந்தாலும் போதும், இந்தப் பொம்பளை விடாம இதையே சொல்லிக்கிட்டிருக்கும். மூடறவரைக்கும் நகராது. ரொம்பக் கண்டிப்பு.

அக்கான்னு கூப்பிடலாமில்ல? ஆன்ட்டின்னா சில பேருக்கு மூஞ்சி சுருங்கிடுது. என்ன, பேச வரலையா? தொண்டை கட்டியிருக்கா? கையைக் காட்டறீங்களே, சுத்தமாப் போயிருச்சா? ஐயோ. அப்பப் பேசாதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க. பேசாமக் கேக்கறவங்க கிடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இவ்வளவு அட்டைப்பெட்டியை மடிச்சுக் கட்டிக் கொண்டு வந்திருக்கீங்க, அதைக் கீழே வைங்க, கை வலிக்கும். நாலாவது மாடிதானே? நானும் அங்கேதான். சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கறேன். 4B. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. காலி பண்றாங்க. சரியா? தலையை ஆட்டவே மாட்டேங்கறீங்க. சரி விடுங்க.

என் பேரு நேத்ரா. 4A. ப்ளஸ் ஒன். வீட்டுல அம்மாவும் நானும். அப்பா ஓசூர்ல பம்பு கம்பெனி இன்ஜினியர். முன்னே மாசம் ரெண்டு தடவை வருவார். இப்ப அங்கே வேலை ஜாஸ்தி. ஆயுத பூஜைக்கு வர்றேன்னார், தீபாவளிக்கு வர்றேன்னார், பொங்கலுக்கு வர்றேன்னார். பாவம், லீவே தரமாட்டேங்கறாங்க. தினமும் காலையில ரோஜாப்பூ படம் போட்டு மெசேஜ் மட்டும் தவறாம வரும். அவர் குரல் பண்றேன் பாருங்க. 'ஏ குட்டி, அப்பா வண்டி சத்தம் கேட்டுச்சா?' இல்ல, சரியா வரல. இருங்க. 'ஏ குட்டி...' ப்ச். கேட்டு நாளாச்சு இல்லீங்களா, அதான். விடுங்க, வேற குரல் பண்றேன்.

'அன்புத் தங்கங்களே... மெதுவா மூச்சை இழுங்க... ஒரு பொருளைக் கையில எடுங்க... அதைப் பாருங்க... இது எனக்குப் பிடிச்சிருக்கான்னு மனசைக் கேளுங்க... பிடிக்கலையா? நன்றி சொல்லி அனுப்பி வைங்க... வீடு லேசாகட்டும்... லேசா... லேசா...'

எப்படி? நல்லாயிருந்துச்சில்ல? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? இவங்கதான் சுபத்ரா மேடம். பெங்களூர். எங்க வீட்டைக் காலி பண்ணின மகராசி. வீட்டுச் சாமானைக் குறைக்கறதுக்கு நாற்பது நாள் வகுப்பு நடத்தறாங்க. மூஞ்சியே காட்டமாட்டாங்க, போட்டோ இருக்கற இடத்துல ஒரு காலி அலமாரிப் படம். தினமும் காலையில ஆறு மணிக்குக் குரல் மட்டும் வரும். அம்மா அதைக் கேட்டுட்டு எந்திரிச்சா, சாயங்காலத்துக்குள்ள வீட்டுல ஏதாவது ஒண்ணு காணாமப் போயிருக்கும்.

முதல் நாள் கவர். எல்லா வீட்டுலயும் இருக்குமே, கவருக்குள்ள கவர், அதுக்குள்ள கவர். போச்சு. அப்புறம் காலி ஹார்லிக்ஸ் பாட்டில். யாரோ கொடுத்து, யாருக்கோ கொடுக்கலாம்னு பிரிக்காமயே வச்சிருந்த ஏழு சுவர்க் கடிகாரம். அதுவரைக்கும் நானும் கை தட்டினேன். அப்புறம் சோபா. அப்புறம் டி.வி. அப்புறம் ஷோகேஸ். அப்புறம் பாத்திரம். அம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் எல்லாத்துலயும் 'சென்னியப்பன் - பூங்கோதை'ன்னு பேரு வெட்டியிருக்கும். அண்டா, தூக்கு, தாம்பாளம், எல்லாம். ஒவ்வொண்ணா எடுத்து, பேரு வெட்டின இடத்தை விரலால தடவிப் பார்த்து, அந்தப் பக்கம் வச்சுட்டே வந்தாங்க. 'ஏம்மா, சோறு ஆக்கறதுக்காவது ஒண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லும்மா'ன்னேன். சிரிக்கல.

இப்ப எங்க வீட்டுல பேசினா குரல் திரும்பி வருதுங்க. எனக்கே போட்டிக்கு ஆள். ஒளிஞ்சுக்க ஒரு கதவு மறைவு கிடையாது, ஒரு பீரோ கிடையாது. ஹாலோட இந்த மூலையில நான், அந்த மூலையில அம்மா. நடுவுல ஒண்ணுமே இல்ல. எங்கே உட்கார்ந்தாலும் அம்மா என்னையே பார்க்கற மாதிரி இருக்கும். நெஜமாவே பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. எப்ப 'நேத்ரா, உட்காரு சாமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிப்பாங்கன்னு தெரியாது. ஒரு தடவை ஆரம்பிச்சாங்க. நான் உடனே, 'முக்கியச் செய்திகள். கோவையில் மகள் ஒருவரிடம் தாய் ஒருவர் ஏதோ சொல்ல முயன்றார். போலீசார் விசாரணை'ன்னு செய்தி வாசிச்சேன். அம்மா சிரிச்சுட்டாங்க. அதோட விட்டுட்டாங்க. என்னமோ சின்ன விஷயமாத்தான் இருக்கும்.

சிரிப்பு இன்னும் வரல, தெரியும். வருது.

பத்தாவது நாள் அப்பா பெட்டியை இழுத்தாங்க. கட்டிலுக்கு அடியில இருந்த பழைய அட்டைப்பெட்டி. உள்ளே அவரோட ஷட்டில் பேட், காபிப்பொடி நெறத்துல ஒரு ஸ்வெட்டர், ஒரு டப்பா நிறைய பேரிங்கு, கம்பெனியில கொடுத்த கேடயம், பழைய கண்ணாடி. அம்மா ஸ்வெட்டரைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாங்க. எனக்குக் கோபம்னா கோபம். வீட்டுல இல்லாத மனுஷன் பொருளை எப்படித் தூக்கிப் போடலாம்? வந்து கேட்டா என்ன சொல்றது? ஆனா நான் சொன்னா அம்மா கேப்பாங்களா? மேடம் சொன்னாக் கேப்பாங்க.

ஆங். புரிஞ்சுக்கிட்டீங்க. தலையை ஆட்டறீங்க.

தோழிகிட்ட ஒரு பழைய போன் வாங்கினேன். எங்கே நின்னு பேசறது? வீடுதான் வெட்டவெளியாச்சே. மொட்டை மாடியில எப்பவும் யாராவது வடாம் காயப்போடுவாங்க. அதனால இங்கேதான். இதே லிஃப்ட். அஞ்சாவது மாடிக்குப் போய் சிக்னல் கிடைக்கறதுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டு, 'அன்புத் தங்கமே பூங்கோதை... நான் சுபத்ரா... பெங்களூர்ல இருந்து... இது என் சொந்த நம்பர்... வகுப்புல ஒரு விதியைச் சொல்ல விட்டுப்போச்சு... வீட்டுல இல்லாதவங்க பொருளை மட்டும் தொடவே கூடாது...'

அரை நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லீங்க. மேடமே கூப்பிட்டதுல அம்மாவுக்கு வாய் அடைச்சுப் போச்சு! அப்புறம் மெதுவாக் கேக்கறாங்க, 'சாப்பிட்டீங்களா மேடம்? வெறும் வயித்தோட பேசிக்கிட்டிருக்காதீங்க'ன்னு. என்னங்க இது, பெங்களூர்க்காரங்களுக்கு உபசாரம்! அன்னைக்கு நான் நெஜமாவே சண்டை போட்டுட்டுச் சாப்பிடாமத்தான் வந்திருந்தேன், அது வேற விஷயம்.

பெட்டி தப்பிச்சது. திரும்பக் கட்டிலுக்கு அடியில. அப்புறம் கட்டில் போச்சு, பெட்டி மட்டும் அறை நடுவுல தனியா உட்கார்ந்திருந்துச்சு.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அம்மாவுக்கு அந்த மேடத்தை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. என்னைத்தாங்க. வாரம் ரெண்டு தடவை கூப்பிடுவேன். என்கிட்டப் பேசாததையெல்லாம் பேசுவாங்க. ஒரு நாள் கேட்டாங்க, 'மேடம், ரெண்டு பேர் பேரு வெட்டின டம்ளர் ஒண்ணு மட்டும் மிச்சம் இருக்கு. அதுல ஒரு பேரை மட்டும் அழிக்க முடியுமா?' நான் சொன்னேன், 'வெட்டின பேரை அழிக்க முடியாது தங்கமே... டம்ளர் தேஞ்சு போகும்... அப்படியே வைங்க...' நானே அசந்துட்டேன். எங்கிருந்து வருதுன்னே தெரியல, அந்தக் குரலுக்குள்ள போனா அறிவு தானா வருது.

இப்ப ஒண்ணு சொல்லணும். எங்கம்மா போன்ல பொய் சொல்றதுல பெரிய கைகாரி. ஈரோட்டு அத்தை கூப்பிட்டா, 'கோயில்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்'னு சொல்வாங்க. படுத்துக்கிட்டே. அப்ப நான் பக்கத்துல நின்னு மணி அடிக்கணும். வாயாலதான். மணி, அர்ச்சகர், தேங்காய் உடைக்கற சத்தம், எல்லாம் என் பொறுப்பு. அத்தைக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்க குடும்பத் தொழில் அது.

அதனால மேடத்துக்கிட்டயும் அம்மா ஆரம்பிச்சாங்க பாருங்க! அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட எப்படியாவது அனுமதி வாங்கணுமே. இருபதாம் நாள். 'மேடம், அவர் இனிமே வரமாட்டாருங்க. ஓசூர்ல வேற ஒருத்தங்ககூட வீடு எடுத்துட்டார். புரட்டாசியிலயே என்கிட்டச் சொல்லிட்டார். என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல.' என்ன ஒரு கதை! குரல்கூட லேசா நடுங்கவிட்டாங்க. நான் துப்பட்டாவைக் கடிச்சுக்கிட்டேன் சிரிப்பு வந்துறக் கூடாதுன்னு. நான் லீவு வேணும்னு இல்லாத பெரியப்பாவைச் சாகடிப்பேன், அம்மா ஒரு பெட்டிக்காக இருக்கற அப்பாவையே ஓட்டிவிட்டுட்டாங்க. எங்கிருந்து எனக்கு இந்தத் தெறமை வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?

அப்புறம் கேட்டாங்க, 'சொன்னா அவ தாங்குவாளா மேடம்?'

நான் 'தாங்கமாட்டா'ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. கதைக்குப் பொருத்தமா இருக்கட்டும்னுதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கதையைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டினாங்க. மாசக் கடைசியில குடிபோக வடவள்ளிப் பக்கம் சின்ன வீடு பார்த்திருக்காங்களாம். அங்கேயே ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்காம். அந்த வீட்டுல ஒரு அறைக்கு ஜன்னல் பெருசாம், அது பொண்ணுக்காம். நான், 'ம்... ம்... லேசா... லேசா...'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, அந்த ஜன்னல்.

சரி, சிரிப்புக்கு வந்துட்டேன். இந்த ஒரு வாரமா நெஜ மேடத்துக்கிட்ட இருந்து குரலே வரல. என்னாச்சோ தெரியல. நமக்கு நல்லதாப் போச்சு, மொத்த வகுப்பும் என் கையில. இன்னைக்கு நாற்பதாவது நாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய சாமான்காரர் கடைசித் தடவையா வர்றார். வீட்டுல அவருக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பெட்டி ஒண்ணுதான். அதனால நேத்துக் காலையிலயே கூப்பிட்டு, 'பூங்கோதை தங்கமே... கடைசிப் பயிற்சி... நாளைக்கு மூணு மணிக்கு நானே நேர்ல வர்றேன்... வாசக்கதவைத் திறந்து வச்சு, கண்ணை மூடி, இந்த உலகத்துலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு பொருளைக் கையில வச்சுக்கிட்டு உட்காருங்க... மத்ததை நான் வந்து முடிவு பண்றேன்...'

இப்ப மணி மூணே கால். எங்கம்மா மேலே வாசல்ல, கண்ணை மூடிக்கிட்டு, பெங்களூர் மேடம் வருவாங்கன்னு உட்கார்ந்திருக்காங்க! நான் போய் மேடம் குரல்ல, 'பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது'ன்னு சொல்லி, சத்தியம் வாங்கிட்டு, அப்புறம் என் குரல்ல 'அம்மோவ்!'னு கத்தறேன். கையில என்ன இருக்கும்னு நெனைக்கறீங்க? அந்த டம்ளர்தான். பேரு வெட்டின டம்ளர். பந்தயம். அது இருந்துச்சுன்னா எல்லாம் சரியாயிடும்.

இப்பச் சிரிங்க.

அக்கா, இப்பத்தான் சிரிக்கணும்.

என்ன, போனை நீட்டறீங்க? ஏதோ எழுதியிருக்கீங்களே. 'என் பெயர் சுபத்ரா. குரல் போய் எட்டு நாள் ஆச்சு.' ஹா! நல்லாயிருக்கு. என்கிட்டயேவா? நான் சொன்ன பேரையே எனக்குத் திருப்பித் தர்றீங்க. கெட்டிக்காரிதான் நீங்க. ஆனா எட்டு நாள்னு சரியா... சரி, நான்தானே ஒரு வாரம்னு சொன்னேன்.

இது யார் படம்? இது எங்கம்மா. மருதமலைப் படிக்கட்டுல நான் எடுத்த படம். உங்க போன்ல எப்படி...

அம்மா உங்களுக்கு அனுப்பின மெசேஜா? படிக்கணுமா? வாய்விட்டா? படிக்கறேன். அம்மா குரல்லயே படிக்கட்டுமா? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. இது பத்தாம் நாள். 'மேடம், இன்னைக்கு உங்க குரல்ல எனக்கு ஒரு போன் வந்துச்சு. பெங்களூர்னு சொன்னீங்க. பின்னாடியே எங்க லிஃப்ட், தயவுசெய்து கதவை மூடவும்னு மூணு தடவை சொல்லுச்சு. என் பொண்ணுதான். கோவிச்சுக்காதீங்க. உங்களைவிட நல்லாவே பேசினா.'

பத்தாம் நாளா? முதல் தடவையேவா?

அப்ப அதுக்கப்புறம் பேசினதெல்லாம்... தெரிஞ்சேவா? இருங்க, இன்னொண்ணு இருக்கு. இருபதாம் நாள். 'மேடம், நேரா சொல்ல வாயெடுத்தா யார் குரலையாவது போட்டு என்னைச் சிரிக்க வச்சுட்டு ஓடிடறா. உங்க குரல்ல இருக்கறப்ப மட்டும்தான் நின்னு கேக்கறா. அதனால இன்னைக்கு அதுலயே சொல்லிட்டேன். தாங்கமாட்டான்னு அவளே சொன்னா. அழலை. சிரிப்பை அடக்கற சத்தம் கேட்டுச்சு. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறாளோ என்னமோ. நான் கோயில் மணி அடிக்க வச்ச பாவம்.'

இல்லீங்க, இது அம்மா குரல் இல்ல. தெரியுது. வரமாட்டேங்குது. ஒரு நிமிஷம்.

இது நேத்துக் காலையில. 'நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சதைக் கையில வச்சுக்கிட்டு உட்காரணுமாம் மேடம். என்ன பண்றது? அவளுக்குப் பதினாறு வயசு, ஐம்பத்திரண்டு கிலோ. தூக்கி மடியில வச்சுக்க முடியாது. வெறுங்கையோடதான் உட்காரப் போறேன். நீங்க வாங்க. நீங்களே வந்து சொன்னா நம்புவா. அவ அப்பா பெட்டியை யார்கிட்டயும் போடமாட்டேன், அது அவளுக்கு. புது வீட்டுல அவ அறையில வச்சுக்கட்டும். பழைய பெட்டி அடியில பிஞ்சு போச்சு. வர்றப்ப நல்ல அட்டைப்பெட்டியாக் கொண்டு வாங்க.'

இந்தப் பெட்டி 4Bக்கு இல்லையா?

அப்ப ஓசூர்... அந்த வீடு... புரட்டாசியில இருந்தே...

'தயவுசெய்து கதவை மூடவும்.'

நான் இல்லீங்க. இது நானில்ல. கரண்ட் வந்திருச்சு. லைட்டு எரியுது பாருங்க. இது லிஃப்ட்.

'தயவுசெய்து கதவை மூடவும்.'

கேக்குது, கேக்குது. இந்தக் கதவை நான் மூடினாத்தான் இது மேலே போகும். போனா நாலாவது மாடி. நேர் எதிரே எங்க வாசல். அம்மா வெறுங்கையோட உட்கார்ந்திருப்பாங்க. அங்கே போய் எந்தக் குரல்ல பேசறதுங்க மேடம்?

'தயவுசெய்து கதவை மூடவும்.'

இருங்க. மூடறேன்.